நினைவு பற்றிய ஆங்கிலத் தொடர்கள் உக்ரேனியத்தில் இடறினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

நினைவு சம்பந்தப்பட்ட ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்திலிருந்து உக்ரேனியத்துக்கு மாற்றி அனுப்புகிறீர்கள். இலக்கணம் சரி, அகராதியும் தலையாட்டுகிறது. ஆனாலும் படித்தவர் கொஞ்சம் தயங்குகிறார், அல்லது சிரித்துவிடுகிறார். இரங்கல் செய்தி என்றால் சிரிக்கவும் மாட்டார், பதிலே வராது. ஹார்கிவிலோ வின்னித்ஸியாவிலோ மருத்துவம் படித்துவிட்டு அங்குள்ள ஆசிரியர்களோடும் நண்பர்களோடும் இன்னும் தொடர்பில் இருப்பவர்களுக்கும், செயலிகளை உக்ரேனியப்படுத்தும் வேலை எடுப்பவர்களுக்கும் இது பழகிய சங்கடம்.

கோளாறு பெரும்பாலும் உக்ரேனியத்தில் இல்லை, நடுவில் நிற்கும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ரிமெம்பர்’ என்ற ஒரே வினை ஐந்தாறு பேர் வேலையைப் பார்க்கிறது. உக்ரேனியத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள். தமிழிலும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் இந்த வழிமுறை முழுக்க ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறது: ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டு, இதை வீட்டில் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

உக்ரேனியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். அழுத்தம் விழும் அசையை நெடிலாக எழுதியிருக்கிறேன், ஆனால் எல்லா நெடிலும் அழுத்தம் அல்ல. ‘த்த’ வருமிடத்தில் வல்லின ஒலி, தனி ‘த’ சொல்லின் நடுவில் வந்தால் மென்மையான ஒலி. ‘ஹ’ என்று வருவதில் உக்ரேனியத்தின் இரண்டு எழுத்துகள் அடக்கம். ஆகவே தட்டச்சு செய்யும் முன் உண்மையான எழுத்துக்கூட்டலை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த ஆறைத் தனியே பிரித்து வைத்துக்கொள்வோம். நினைவிருக்கிறது என்றால் பம்யத்தாத்தி. மறந்திருந்தது நினைவுக்கு வந்தால் ஸ்ஹதாத்தி. யோசித்து யோசித்து நினைவுக்குக் கொண்டுவந்தால் பிரிஹதாத்தி. மனதில் பதித்துக்கொள்வது ஸப்பம்யத்தாத்தி. இன்னொருவருக்கு ஞாபகப்படுத்துவது நஹதாத்தி. இறந்தவரை நினைவுகூர்வது போம்யனூத்தி. கீழே வரும் கோளாறுகளில் பாதி, இந்த ஆறில் ஒன்று இன்னொன்றின் நாற்காலியில் உட்கார்ந்ததால் வருபவை.

அறிகுறி: “கதவைப் பூட்டச் சொன்னேன், அவர் ‘என்ன நினைவு?’ என்று கேட்கிறார்”

ஆங்கிலத்தில் ‘ரிமெம்பர் டு லாக் த டோர்’ என்று இருந்திருக்கும். அதை பம்யத்தாத்தி வைத்து மாற்றியிருப்பீர்கள். அது ‘பூட்டுவதை நினைவில் வைத்திரு’ என்று ஏதோ தத்துவம் போல ஒலிக்கும். தமிழில் யாராவது அப்படிச் சொல்வார்களா? ‘மறக்காம பூட்டு’ என்போம். உக்ரேனியரும் மறக்காதே என்றுதான் சொல்வார்கள்: நே ஸபூத். நீங்கள், உங்கள் என்று மரியாதையாகப் பேசும் இடத்தில் நே ஸபூத்தெ. அதன்பின் செயலை வினையெச்சம் போன்ற மூல வடிவத்தில் போட்டால் போதும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ‘ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்’. பூட்டியது நினைவிருக்கிறது என்று பொருள். இங்கே பம்யத்தாயு சரியான சொல், ஆனால் ஆங்கிலத்தின் ‘-இங்’ வடிவத்துக்கு உக்ரேனியத்தில் ஜோடி தேடாதீர்கள். ‘பம்யத்தாயு, யாக்…’ என்று தொடங்கி, இறந்தகால வினையில் முடியுங்கள். ‘நான் எப்படிப் பூட்டினேன் என்பது நினைவிருக்கிறது’ என்கிற அமைப்பு. செய்தவர் ஆணா பெண்ணா என்று அந்த இறந்தகால வினை காட்டும் என்பதால் பேசுபவர் யார் என்று தெரியாமல் இதை மொழிபெயர்க்க முடியாது. அனுப்பியவரிடம் கேட்டுவிடுங்கள்.

அறிவிப்புப் பலகைகளில் மட்டும் விதிவிலக்கு உண்டு. ‘நினைவில் கொள்ளுங்கள்:’ என்று ஒரு தகவலைச் சொன்னால் பம்யத்தாய்த்தெ இயல்பாகவே இருக்கும். செய்ய வேண்டிய வேலையைச் சொன்னால்தான் ‘மறக்காதீர்கள்’.

அறிகுறி: “நன்றி சொல்லப் போய் மிரட்டல் ஆகிவிட்டது”

‘வி வில் ரிமெம்பர் திஸ்’ என்று யாரோ உருக்கமாக எழுதியிருக்கிறார்கள். எதிர்காலம் என்பதால், ஒருமுறை நடந்து முடிவதைக் காட்டும் முடிவுற்ற வினையை எடுத்து, ஸப்பம்யத்தாயெமோ என்று போட்டீர்கள். ‘இதை மனதில் குறித்து வைத்துக்கொள்கிறோம்’ என்று ஆகிறது. குரலைப் பொறுத்து, ‘இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறோம்’ என்பதற்கும் அதே சொல்தான். பிரிஹதாத்தியைப் போட்டால் இன்னும் கூர்மை. ‘உனக்கு இதை ஒருநாள் ஞாபகப்படுத்துவேன்’ என்று பழிவாங்கும் தொனி அதற்கு எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

தீர்வு: நினைவு தொடர்ந்து இருக்கும் என்று சொல்ல வேண்டுமானால் தொடர்வினையிலேயே நில்லுங்கள். பம்யத்தாத்திமெமோ என்பது ‘நினைவில் வைத்திருப்போம்’. உருக்கமான இடங்களில் எதிர்காலமே தேவைப்படாது. பம்யத்தாயெமோ, ‘நினைவில் வைத்திருக்கிறோம்’, என்ற நிகழ்காலமே உக்ரேனியர்கள் கல்லறையிலும் சுவரொட்டியிலும் எழுதுவது.

‘நவ் ஐ ரிமெம்பர்!’ என்பதும் இதே குடும்பம். ஆங்கிலத்தில் நிகழ்காலம். தமிழில் ‘ஆ, இப்போ ஞாபகம் வந்துடுச்சு’, அதாவது இறந்தகாலம். உக்ரேனியத்திலும் இறந்தகாலம்: ஆண் சொன்னால் ஸ்ஹதாவ், பெண் சொன்னால் ஸ்ஹதாலா.

அறிகுறி: உள்நுழைவுப் பக்கம் காதல் கடிதம் மாதிரி இருக்கிறது

கடவுச்சொல் பெட்டிக்குக் கீழே இருக்கும் ‘ரிமெம்பர் மீ’. இதை ஏவல் வினையில் எழுதினால், போருக்குப் புறப்படுபவர் வாசலில் நின்று ‘என்னை மறந்துவிடாதே’ என்று சொல்வது போல ஆகிறது. உக்ரேனிய இடைமுகங்களில் பொத்தான்களும் தேர்வுப் பெட்டிகளும் மூல வடிவத்தில்தான் இருக்கும். இங்கே கணினி உங்களைப் பதிந்து வைக்கப்போகிறது, எனவே: ஸப்பம்யத்தாத்தி மெனே. ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தான் நஹதாத்தி பிஸ்னீஷெ. நினைவூட்டல் என்ற பெயர்ச்சொல் நஹாதுவன்யா. கடவுச்சொல் மறந்துவிட்டதா என்பது மட்டும் கேள்வியாக, மரியாதைப் பன்மையில் வரும்: ஸபூலி பரோல்?

கணினியின் நினைவகத்துக்கும் மனிதரின் நினைவுக்கும் ஒரே சொல்தான், பாம்யத். அதில் சிக்கல் இல்லை. நினைவகம் போதவில்லை என்ற எச்சரிக்கையில் அது வேற்றுமை ஏற்று பாம்யத்தி ஆகும், அவ்வளவுதான். ஆனால் புகைப்படச் செயலி பழைய படங்களைத் தொகுத்துக் காட்டும் ‘மெமரீஸ்’ பகுதிக்கு பாம்யத் என்று பெயர் வைத்தால், பயனர் அங்கே எத்தனை ஜிபி மிச்சம் என்று தேடுவார். அது அடுத்த கோளாறு.

அறிகுறி: பாட்டியைப் பற்றி எழுதியது, பாட்டி எழுதியதாக ஆகிவிட்டது

முதலில் பன்மையைப் பாருங்கள். பாம்யத் என்பது நினைவாற்றல், அல்லது ஒருவரைக் குறித்து நிலைத்திருக்கும் நினைவு. இந்தப் பொருள்களில் அதைப் பன்மையாக்குவதில்லை. ஆங்கிலத்தில் ‘மெமரீஸ்’ என்று பன்மை கண்டதும் பாம்யத்தி என்று எழுதிவிட்டால், படிப்பவருக்கு அது பன்மையாகத் தெரியாது, ‘நினைவின்’ அல்லது ‘நினைவுக்கு’ என்ற வேற்றுமை வடிவமாகத்தான் தெரியும். மனதில் ஓடும் தனித்தனி நினைவு ஸ்போஹத், அதன் பன்மை ஸ்போஹதி. நினைவலைகள் என்று ஒருவர் எழுதும் புத்தகமும் ஸ்போஹதிதான்.

பிறகு உறவைப் பாருங்கள். ‘மெமரீஸ் ஆஃப் மை கிராண்ட்மதர்’ என்பதில் நினைப்பது பாட்டியா, பேரனா? தமிழிலும் ‘பாட்டியின் நினைவுகள்’ என்று சொன்னால் அதே குழப்பம். ஆகவே இந்த இடத்தில் தமிழை அப்படியே நம்பாமல், அதை நீட்டிச் சொல்லிப் பாருங்கள். பாட்டியைப் பற்றிய நினைவுகள் என்றால் ஸ்போஹதி ப்ரோ பபூஸ்யு. பாட்டி தானே சொன்ன, எழுதிய நினைவுகள் என்றால் ஸ்போஹதி பபூஸி. ‘ப்ரோ’ என்ற சின்னச் சொல்தான் வித்தியாசம். ஆறாம் வேற்றுமையை மட்டும் போட்டுவிட்டால், மறைந்த பாட்டிக்குப் பேத்தி எழுதிய அஞ்சலி, பாட்டியின் தன்வரலாறு ஆகிவிடும். குழந்தைப் பருவம் போல, தானாக எதையும் நினைத்துப் பார்க்க முடியாத ஒன்றாக இருந்தால் இந்தப் பயம் வேண்டாம், இரண்டு வடிவமும் ஓடும்.

இதற்காக ‘மெமரீஸ்’ வந்தால் ஸ்போஹதி, ‘மெமரி’ வந்தால் பாம்யத் என்று சூத்திரம் போட்டுக்கொள்ளவும் முடியாது. கீவில், சோவியத் காலப் பெரும் பஞ்சமான ஹொலொதொமோரின் அருங்காட்சியக வளாகத்தில், கையில் ஐந்து கோதுமைக் கதிர்களை அணைத்துக்கொண்டு ஒரு மெலிந்த சிறுமியின் சிலை நிற்கிறது. வயலில் கதிர் பொறுக்கியவர்களையும் தண்டித்த 1932 ஆகஸ்ட் 7 சோவியத் ஆணையை மக்கள் ‘ஐந்து கதிர்ச் சட்டம்’ என்று அழைத்தார்கள். சிலையின் ஆங்கிலப் பெயரைப் பார்த்துத் திரும்ப உக்ரேனியத்துக்குக் கொண்டுபோகிறவர் ‘குழந்தைப் பருவத்தின் கசப்பான ஸ்போஹத்’ என்று எழுதிவிடக்கூடும். அதன் உண்மைப் பெயரில் இருப்பது ஹிர்கா பாம்யத். ஒரு குழந்தைக்கு நடந்த ஒரு சம்பவத்தின் ஞாபகம் அல்ல அது. அப்படி ஒரு குழந்தைப் பருவம் விட்டுச்சென்ற நினைவு. இடம், சிலை, நிறுவனம், நாள் எதுவாக இருந்தாலும் பெயர் ஏற்கெனவே உக்ரேனியத்தில் இருந்தால் மொழிபெயர்க்காதீர்கள், தேடி எடுங்கள்.

அறிகுறி: கல்யாண ஆல்பத்தைப் பார்த்து மணமகளின் அம்மா முகம் வெளுத்தது

‘எவர்லாஸ்டிங் மெமரீஸ்’, ‘எடர்னல் மெமரி’ என்று புகைப்படக்காரர் அட்டையில் போட விரும்புகிறார். சொல்லுக்குச் சொல் மாற்றினால் வீச்னா பாம்யத். இது கிழக்கத்திய மரபுத் திருச்சபையிலும் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையிலும் அடக்கச் சடங்கின் முடிவிலும், இறந்தோருக்கான பனஹீதா வழிபாட்டின் முடிவிலும் பாடப்படும் வரி. தாலி கட்டும் மேடைக்குப் பின்னால் ‘கண்ணீர் அஞ்சலி’ பேனர் கட்டினால் எப்படி இருக்கும்? அதேதான்.

மாற்று: ஸ்போஹதி ந வ்ஸே ஜித்தியா, வாழ்நாள் முழுதும் இருக்கும் நினைவுகள். அல்லது நெஸபூத்னி மீத்தி, மறக்க முடியாத தருணங்கள். வீச்னா என்ற அடைமொழி காதலோடு சேர்ந்தால் பிரச்சினை இல்லை. பாம்யத்தோடு சேர்ந்தால் மட்டும் உயிரோடு இருப்பவர் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அறிகுறி: இரங்கல் செய்தி பரிசுக்கடை வாழ்த்தட்டை மாதிரி இருக்கிறது

அதிகம் இடறும் இடம் இது. 2022க்குப் பிறகு உக்ரேனிய நண்பர்கள் வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும் இடமும் இதுதான்.

‘இன் லவிங் மெமரி’ என்பதில் வரும் ‘லவிங்’கை ஓர் அடைமொழியாக்கி பாம்யத்துக்கு முன்னால் ஒட்டுவார்கள். நினைவு எப்படி நேசிக்கும் என்று படிப்பவர் யோசிப்பார். உக்ரேனியக் கல்லறைகளில் அந்த இடத்தில் மூன்று வினைச்சொற்கள் நிற்கும், வரிசை மட்டும் மாறும்: ல்யூபிமோ, பம்யத்தாயெமோ, ஸுமூயெமோ. நேசிக்கிறோம், நினைவில் வைத்திருக்கிறோம், இல்லாமல் ஏங்குகிறோம். நேசம் யாருடையது என்பதில் அங்கே சந்தேகமே இல்லை. புத்தகத்தின் முதல் பக்கத்திலோ நிகழ்ச்சியின் தலைப்பிலோ ‘இன்னாரின் நினைவுக்கு’ என்று வேண்டுமானால், முன்னால் எந்த உருபுச் சொல்லும் இல்லாமல் பாம்யத்தி என்று போட்டு, பெயரை ஆறாம் வேற்றுமையில் எழுதினால் முடிந்தது.

நேரில் அல்லது கைபேசியில் அனுப்பும் செய்திக்கு: ஸ்வீத்லா பாம்யத், ‘ஒளிமிக்க நினைவு’. இறைநம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் பொருந்தும், பத்திரிகை இரங்கலிலும் வரும். குடும்பம் எந்தச் சமயம், எவ்வளவு பற்று என்று தெரியாத நிலையில் நான் இதைத்தான் முதலில் எடுப்பேன். வீச்னா பாம்யத் சமய மணம் கொண்டது. ‘நாங்கள் உங்களை என்றும் மறக்க மாட்டோம்’ என்பதல்ல அதன் அடிப்படை, இறைவனின் நினைவில் அவர் நிலைக்கட்டும் என்ற வேண்டுதல். இன்று பொது இரங்கல்களிலும் தாராளமாகப் புழங்குகிறது என்றாலும், ‘உங்களை என்றென்றும் நினைத்திருப்போம்’ என்ற வாக்கியத்துக்கு அதை ஈடாக வைக்க வேண்டாம். த்ஸார்ஸ்த்வோ நெபேஸ்னெ, விண்ணரசு கிட்டட்டும், என்பது பக்தியுள்ள வீட்டுக்கு. ஹாய் ஸெம்ல்யா பூதெ பூஹொம், மண் இறகாய் இருக்கட்டும், என்பது எல்லோர் வாயிலும் வரும். ஆனால் அது கிறிஸ்தவ வேண்டுதல் அல்ல என்று முகம் சுளிக்கும் பாதிரியார்களும் உண்டு, ஆகவே திருச்சபைச் சூழலில் தவிர்க்கலாம். ‘ரெஸ்ட் இன் பீஸ்’ என்பதற்கு ஸ்பொச்சிவாய் ஸ் மீரொம். இதில் ‘இன்’ என்பதற்கு ‘இல்’ தேடாதீர்கள், உக்ரேனியத்தில் ‘அமைதியோடு’ இளைப்பாறுகிறார்கள். மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் தட்டிவிடுவது இளைஞர்களிடையே நடக்கிறதுதான், ஆனால் மகனை இழந்தவருக்கு அதை அனுப்பக் கூடாது.

போர்முனையில் இறந்தவர் என்றால் அடக்கத்தின்போது கூட்டம் எழுப்பும் முழக்கம் ஒன்று உண்டு: ஹெரோயி நே வ்மிராயுத், வீரர்கள் சாவதில்லை. அது பொதுவெளியின் குரல். இறந்தவரின் மனைவிக்குத் தனியாக எழுதும் குறுஞ்செய்தியில் நான் அதை வைக்க மாட்டேன். அங்கே ஷ்ச்சீரி ஸ்பிவ்ச்சுத்தியா, ‘உளமார்ந்த அனுதாபங்கள்’, போதும். வயதில் மூத்தவர், ஆசிரியர் என்றால் நம்முடைய நீங்கள் போன்ற ‘வீ’ வடிவத்தில் எழுதுங்கள். துக்கத்தில் நெருக்கம் காட்டுவதாக நினைத்து ‘த்தி’க்கு இறங்குவது அங்கேயும் தப்பாகவே படும்.

அடைமொழி ஆண்பாலில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். பாம்யத் மெய்யில் முடிவதால் ஆண்பால் என்று பழக்கதோஷத்தில் வீச்னிய், ஸ்வீத்லிய் என்று போட்டுவிடுவார்கள். அது பெண்பால்.

பூங்கொத்தோடு அட்டை அனுப்புகிறீர்கள் என்றால் பூக்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும். இறந்தவருக்கு இரட்டைப்படை, உயிரோடு இருப்பவருக்கு ஒற்றைப்படை. அட்டையில் எழுதியது எவ்வளவு சரியாக இருந்தாலும் பிறந்தநாளுக்கு ஆறு ரோஜா அனுப்பினால் கதை கெட்டது.

அறிகுறி: பெயர்ப்பலகையில் பெயர் தப்பாக இருக்கிறது என்கிறார்கள், எழுத்துப் பிழையோ இல்லை

வேற்றுமை விட்டுப்போயிருக்கும். பாம்யத்தி என்று தொடங்கிவிட்டால் பெயரும் குடும்பப் பெயரும் இரண்டும் வேற்றுமை ஏற்க வேண்டும்: இவான் ஃபிரான்கோ என்பவர் பாம்யத்தி இவானா ஃபிரான்கா ஆவார். லேஸ்யா உக்ரயீன்கா, பாம்யத்தி லேஸி உக்ரயீன்கி.

சிக்கல் பெண்களின் குடும்பப் பெயரில். மெய்யிலோ ‘-கோ’விலோ முடியும் குடும்பப் பெயர் ஆணுக்கு மாறும், பெண்ணுக்கு மாறாமல் அப்படியே நிற்கும். 19-ஆம் நூற்றாண்டின் இரண்டு பெண் எழுத்தாளர்களின் புனைபெயர்களை வைத்து இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஹான்னா பர்வீனொக் வேற்றுமை ஏற்கும்போது ஹான்னி பர்வீனொக்: முதல் பெயர் மட்டும் மாறுகிறது. மார்கோ வொவ்ச்சோக் என்பவரும் பெண்தான், ஆனால் ஆண் பெயரைச் சூடிக்கொண்டதால் இலக்கணமும் ஆணாகவே நடத்துகிறது: மார்கா வொவ்ச்கா, இரண்டும் மாறும். ஆக, முழுப்பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, இறந்தவர் ஆணா பெண்ணா என்று கேட்டுவிட்டுத்தான் கல்லில் பொறிக்கக் கொடுக்க வேண்டும்.

அறிகுறி: “ஏன் ரஷ்ய மொழியில் எழுதியிருக்கிறாய்?”

இதைவிடக் கசப்பான கேள்வி இன்றைய உக்ரேனில் இருக்க முடியாது. காரணமோ ஒரு புள்ளி அளவுதான். பாம்யத் என்ற சொல்லை உக்ரேனியத்தில் எழுதும்போது ‘ம்’ ஒலிக்கும் ‘ய’ ஒலிக்கும் நடுவில் ஒரு மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) வர வேண்டும். அந்தக் குறியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அதே பொருள் கொண்ட ரஷ்யச் சொல்லின் எழுத்துக்கூட்டல், ஓர் எழுத்துகூட மாறாமல். பம்யத்தாத்தி, போம்யனூத்தி, பாம்யத்னிக் என்று இந்தக் குடும்பம் முழுவதிலும் அந்தக் குறி இருக்கிறது.

அது எங்கே காணாமல் போகிறது என்று இந்த வரிசையில் தேடுங்கள். ரஷ்ய விசைப்பலகை அமைப்பில் தட்டச்சு செய்தீர்களா? உக்ரேனிய அமைப்புக்கு மாறுங்கள். தட்டச்சில் இருக்கிறது, அச்சில் இல்லையா? அச்சகத்தின் எழுத்துருவில் அந்தக் குறி இல்லாமல் இருக்கலாம். வேறு எழுத்துரு கேளுங்கள். இணையப் படிவத்தில் போட்டதும் மறைகிறதா? சில பழைய படிவங்கள் ஒற்றை மேற்கோளைப் பாதுகாப்புக்காக வெட்டிவிடும். மொழிபெயர்ப்பு மென்பொருள் ஒரு சொல்லை இரண்டாக எண்ணுகிறதா, தேடினால் கிடைக்கவில்லையா? யூனிகோடில் பார்வைக்கு ஒரே மாதிரி மூன்று குறிகள் உண்டு: விசைப்பலகையின் நேரான குறி, வளைந்த மேற்கோள் குறி, எழுத்தாகவே கருதப்படும் மேற்குறி. முதல் இரண்டையும் மென்பொருள் நிறுத்தக்குறி என்று நினைத்துச் சொல்லை உடைக்கலாம். மூன்றில் எது என்பதை வாடிக்கையாளரிடம் கேட்டு, கோப்பு முழுக்க ஒன்றையே வையுங்கள். கல்வெட்டு, அச்சு போன்றவற்றில் மூன்றும் கண்ணுக்கு ஒன்றுதான், குறி இருக்க வேண்டும், அவ்வளவே.

அறிகுறி: பேரழிவைக் கொண்டாடுவதாக எழுதிவிட்டீர்கள்

‘ஆனிவர்சரி’ என்றதும் ரிச்னீத்ஸ்யா, ‘செலிப்ரேட்’ என்றதும் ஸ்வியத்குவாத்தி. இரண்டும் சேர்ந்து செர்னோபிலையோ பஞ்சத்தையோ கொண்டாட வைத்துவிடும். ஆண்டு நிறைவு என்ற பொதுப்பொருளில் ரிச்னீத்ஸ்யா தப்பில்லை. துயர நிகழ்வுக்கு, நாம் நினைவு நாள் என்று சொல்லும் தொனியில், ரொக்கொவீனி பொருத்தம். ஸ்வியத்குவாத்தி பண்டிகைக்கு மட்டும். துயர நாளுக்கு வ்ஷனுவாத்தி பாம்யத், நினைவுக்கு மரியாதை செலுத்துதல்.

நாள்களின் பெயர்களையும் சரிபாருங்கள், குறிப்பாக பழைய மொழிபெயர்ப்புகளை மென்பொருள் சேமித்து வைக்கும் களஞ்சியத்திலிருந்து தானாக வந்து விழுபவற்றை. மே 8-க்கு 2015 முதல் ‘நினைவு, நல்லிணக்க நாள்’ என்று பெயர் இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டம் அதை ‘1939–1945 இரண்டாம் உலகப் போரில் நாசிசத்துக்கு எதிரான வெற்றியினதும் நினைவினதும் நாள்’ என்ற பொருளில் மாற்றியது. களஞ்சியம் இன்னும் நல்லிணக்கத்தையே நீட்டிக்கொண்டிருக்கும். ஹொலொதொமோர் நினைவு நாள் நவம்பரின் நான்காவது சனிக்கிழமை என்பதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். சென்ற ஆண்டின் கோப்பை நகலெடுத்தால் தேதி தவறும். அன்று மாலை 4 மணிக்கு ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம்.

‘மொமென்ட் ஆஃப் சைலன்ஸ்’ என்பதில் உக்ரேனியர் தருணம் என்று சொல்வதில்லை, நிமிடம் என்றே சொல்வார்கள்: ஹ்விலீனா மொவ்ச்சான்யா. 2022 மார்ச் முதல் தினமும் காலை 9 மணிக்கு நாடு முழுக்கக் கடைப்பிடிக்கப்படுவதால் இந்தத் தொடர் எல்லோர் காதிலும் இருக்கிறது, மாற்றிச் சொன்னால் உடனே உறுத்தும். ‘லெஸ்ட் வி ஃபர்கெட்’ பாதியில் நிற்கும் வாக்கியம். அதை முழுமையாக்க முயலாமல் பம்யத்தாய்மோ, ‘நினைவில் வைப்போம்’, என்று ஒற்றைச் சொல்லில் விடலாம். ‘நெவர் அகெய்ன்’ என்பதற்கு நிக்கோலி ஸ்னோவு, மே மாதத்துச் செம்பாப்பிப் பூச் சின்னத்தோடு 2014 முதல் பழகிய வாசகம்.

வீட்டளவில் வந்தால் சொற்கள் வேறு. நம் ஊரில் 16-ஆம் நாள் காரியம் போல அங்கே 9-ஆம் நாளும் 40-ஆம் நாளும். அந்த விருந்து பொமீன்கி. ‘அவர் நினைவாக ஒரு கோப்பை’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் வாழ்த்துக் கோப்பைக்கு உரிய சொற்களை எடுக்காதீர்கள், கோப்பைகளை மோதிக்கொள்வதும் இல்லை. போம்யனீமோ என்று சொல்லி மௌனமாகக் குடிப்பார்கள். இந்த வினையின் எடை தெரிய வேண்டுமானால், உக்ரேனின் தேசியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ 1845-இல் எழுதிய ‘ஸப்பொவீத்’ (உயில்) கவிதையின் கடைசி வரிகளைப் பாருங்கள். தன்னை நல்ல சொல்லால் நினைவுகூர மறக்க வேண்டாம் என்று அவர் கேட்கும் இடத்தில் இதே போம்யனூத்திதான் வருகிறது. உக்ரேனியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடமான வரிகள்.

அறிகுறி: அரண்மனையைச் சிலை என்கிறீர்கள்

இங்கே தமிழும் கைவிடும், ஏனென்றால் நினைவுச்சின்னம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். ஒருவர் நினைவாக எழுப்பிய சிலை, தூண், கல்லறைக் கல் பாம்யத்னிக். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம், பண்பாட்டுச் சொத்து பாம்யத்கா. ரஷ்யத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ரஷ்யம் வழியாக உக்ரேனியம் கற்றவர்கள் பழைய தேவாலயத்தையும் பாம்யத்னிக் ஆக்கிவிடுவார்கள். அப்புறம், நோயாளிகளுக்குக் கொடுக்கும் வழிகாட்டித் தாளும் பாம்யத்காதான். சூழலே காப்பாற்றும்.

அறிகுறி: நோயாளிக்கு ஞாபக மறதியா, மயக்கமா?

நினைவு தப்பியது என்றால் தமிழில் மயக்கம். வியப்பாக, உக்ரேனியத்தின் பழைய வழக்கிலும் அப்படியே: ‘பெஸ் பாம்யத்தி’ கிடந்தார் என்றால் உணர்வில்லாமல் கிடந்தார், ‘ப்ரீய்த்தி தொ பாம்யத்தி’ என்றால் நினைவு திரும்பியது. தலைகால் புரியாமல் காதலிப்பதற்கும் பெஸ் பாம்யத்தி சொல்வார்கள். ஆனால் மருத்துவக் குறிப்பில் இந்த அழகெல்லாம் வேண்டாம். மயங்கினார் என்பதற்கு ஸ்னெப்ரித்தோம்னிவ், பெண் என்றால் ஸ்னெப்ரித்தோம்னிலா. நினைவாற்றல் போனது என்பதற்கு வ்த்ராத்திவ் பாம்யத். ஆங்கிலக் குறிப்பில் ‘லாஸ்ட் மெமரி’ என்று இருக்கும்போது மனதில் தமிழ் குறுக்கிட்டு மயக்கம் என்று எழுத வைக்கலாம். இந்த ஒரு இடத்தில் ஆங்கிலத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சில்லறைக் கோளாறுகள்

‘இட் ஸ்லிப்ட் மை மைண்ட்’: நழுவவில்லை, தலையிலிருந்து பறந்தது, வீலெத்திலோ ஸ் ஹொலொவீ. ‘இஃப் மெமரி செர்வ்ஸ்’: நினைவு யாருக்கும் சேவகம் செய்யவில்லை, ‘நான் தவறவில்லை என்றால்’ என்று சொல்லுங்கள், யக்ஷ்ச்சோ நே பொமில்யாயுஸ்யா. சல்லடை நினைவு என்பதற்கு ஓட்டைத் தலை, திர்யாவா ஹொலொவா. ‘ரிமெம்பர் மீ டு யுவர் மதர்’ என்பதில் நினைவே கிடையாது, அம்மாவுக்கு வணக்கம் சொல்லச் சொல்கிறார்கள். ‘உன் நினைவாகவே இருக்கிறேன்’ என்று தமிழில் மனதில் ஓடினால் அதுவும் பம்யத்தாயு அல்ல, ஸுமூயு ஸா தொபோயு.

எந்தச் சொல் எதனோடு சேரும் என்று சந்தேகம் வந்தால், 1970 முதல் 1980 வரை 11 தொகுதிகளாக வந்த உக்ரேனிய அகராதி இணையத்தில் கிடைக்கிறது. சொல்விளக்கத்துக்கு நம்பலாம், எடுத்துக்காட்டு வாக்கியங்களில் சோவியத் வாடை அடிக்கும், அவற்றை அப்படியே எடுத்து இரங்கல் எழுதாதீர்கள். இன்றைய புழக்கத்துக்கு ஹ்ராக் என்ற உரைத்தொகுப்பில் தேடுவது நல்லது.

கடைசியாக இடைவெளி. மனப்பாடமாகப் படித்தேன் என்றால் நப்பாம்யத், ஒரே சொல். நினைவாக வைத்துக்கொள் என்று பரிசு கொடுத்தால் ந பாம்யத், இரண்டு சொல். புத்தகத்தைப் பரிசளித்து முதல் பக்கத்தில் சேர்த்து எழுதிவிட்டால், முழுப் புத்தகத்தையும் ஒப்பிக்கச் சொல்கிறீர்கள் என்று ஆகும். சந்தேகம் இருந்தால் ந ஸ்ஹாத்கு என்று எழுதிவிடுங்கள். அதற்கும் நினைவாக என்றுதான் பொருள், இடைவெளித் தொல்லையும் இல்லை.